எழுத்துக் கூட்டிப் படித்தவள்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு நாலு மணிக்கு ஷிஃப்ட். பள்ளியிலோ மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சீருடையோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் மாடிக் கோடியிலிருந்த அறைக்குள் நுழைந்தாள்.

அது சிறப்பு வகுப்பு அறை. எழுத்துகள் கண்முன்னே இடம் மாறி நின்று பாடாய்ப்படுத்துகிற பதினொரு பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் அங்கேதான் பாடம். அவள் மகளும் அதில் ஒருத்தி. ஏழாம் வகுப்பு, வீட்டில் வைத்த பெயர் வாயாடி. இரண்டு வருடத்துக்கு முன்னால் புத்தகத்தைச் சுவரில் வீசியடித்தவள், இப்போது கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறாள்.

பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெற்றோர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு ஆசிரியை சுவரோரம் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க பிள்ளைங்க எல்லாம் நல்லா தேறிட்டாங்க" என்றார் தலைமையாசிரியர். "இனிமே மத்தவங்களோட ஒண்ணா படிக்கட்டும். இந்த ரூமை ஸ்மார்ட் கிளாஸா மாத்தப் போறோம். ஆளுக்கு ஒரு சம்மதக் கடிதம், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்."

மருந்துக்கடைக்காரர் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா, கைப்பேசியில் பேசியபடியே கிறுக்கித் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் ஏழு தாள்கள் மேசைக்குப் போய்விட்டன.

டிரைவரின் கையில் தாள் அப்படியே இருந்தது. மகளுக்கு இருப்பது அவளுக்கும் உண்டு. அவள் படித்த காலத்தில் அதற்கு மக்கு என்று பெயர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள், அன்றிலிருந்து 'கண்ணாடி எடுத்துட்டு வரல', 'நீங்களே சொல்லிடுங்களேன்' என்றே காலத்தை ஓட்டிவிட்டாள். மகளுக்குக்கூட இது தெரியாது.

பேனாவை மூடி வைத்தாள்.

"நான் படிச்சுட்டுத்தான் சார் போடுவேன்."

"தாராளமா படிங்க."

"சத்தம்போட்டாதான் எனக்குப் படிக்க வரும்."

எழுந்து நின்றாள். "இ...த... இதன்... மூலம்... நாங்கள்... மர... மரமான..."

'மனமார' என்றிருந்தது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்படிக் குடுங்கம்மா, நானே படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம் சார். பரீட்சையில என் பொண்ணுக்குக் கூடுதல் நேரம் குடுக்குறீங்கல்ல? அதையே எனக்கும் குடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வியர்த்துக் கொட்டியது. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. மகளின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. வாயாடி பையைத் துழாவி, நடுவே ஒரு வரி அகலத்துக்கு வெட்டிய அட்டையை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள்.

"இதுல ஒரு வரிதாம்மா தெரியும். மத்ததெல்லாம் மறைஞ்சுக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அப்புறம் சொல்றேன்டி. இப்ப அட்டையை நகர்த்து."

வரி வரியாக நகர்ந்தார்கள். கால் மணி நேரம் கழிந்திருக்கும். நாலாவது பத்தி வந்தது. "இந்த... ஒப்... ஒப்புதலுக்குப் பின்... தேர்வில்... கூடுதல் நேரமோ... வாசித்துக் காட்ட... ஆளோ... கோர மாட்டோம்."

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை எங்கேயும் தட்டவில்லை.

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "இது எங்கம்மா இருக்கு?"

"நாலாவது பத்தி. நீங்க கையெழுத்துப் போட்டதுலயும் இருக்கும்ண்ணா."

"அது எப்பவும் போடுற வாசகம்தான்" என்றார் தலைமையாசிரியர்.

"அப்ப அடிச்சுடுங்க சார்."

"மேலிடத்துலருந்து வந்தது. என்னால அடிக்க முடியாது."

"என்னாலயும் போட முடியாது."

வங்கி அம்மா கைப்பேசியை அணைத்துவிட்டு மேசைக்குப் போனாள். தலைமையாசிரியர் தாள்களின் மேல் உள்ளங்கையை அழுத்தினார். "போட்டது போட்டதுதான்மா."

"அது என் கையெழுத்து. கையை எடுங்க சார்."

அவர் எடுக்கவேண்டியதாயிற்று. ஏழு தாள்களும் உரியவர்களிடமே திரும்பின. மருந்துக்கடைக்காரர் தன்னுடையதை நாலாகக் கிழித்தார்.

தலைமையாசிரியர் சுவரோரம் திரும்பினார். "இது உங்க வேலையா டீச்சர்?"

"இல்ல சார்" என்றாள் ஆசிரியை. "ஆனா நான் செஞ்சிருக்க வேண்டிய வேலை."

படியிறங்கும்போது அம்மா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப லைசென்ஸ் எப்படிம்மா வாங்கின?"

"கேள்வியெல்லாம் எனக்குப் படிக்கக் கஷ்டம்னு அங்கேயே சொல்லிட்டேன். பரீட்சை வச்சவரு படிச்சுக் காட்டினாரு. பதிலெல்லாம் கடகடன்னு சொல்லிட்டேன். பஸ்ஸைப் பத்தித் தெரியாமலா இருக்கும்?"

"அப்ப உனக்கும் ஆள் வச்சிருக்காங்க!" என்று வாயாடி கெக்கெக்கே என்று சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. டிப்போவுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். உறைக்கவே இல்லை.

அதன்பிறகு பள்ளியிலிருந்து மேலும் இரண்டு கடிதங்கள் வந்தன. பதினொரு வீட்டிலிருந்தும் முடியாது என்றே பதில் போனது. ஸ்மார்ட் கிளாஸுக்காக வாங்கிய பெரிய திரையை நூலகத்தில் மாட்டினார்கள். சிறப்பு வகுப்பு அதே அறையில் நடந்தது. ஆண்டுத் தேர்வைக் கூடுதல் நேரத்தோடு எழுதிய வாயாடி, கணக்கில் கோட்டை விட்டாள். மொழிப் பாடத்தில் ஐம்பத்தெட்டு.

மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அம்மாவைத் தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் பார்த்தார். "உங்க ஒருத்தரால எனக்கு எவ்வளவு தலைவலி தெரியுமா?"

"இன்னும் ஏதாவது தாள் இருந்தா குடுங்க சார்" என்றாள் அவள். "இன்னைக்கு எனக்கு லீவுதான். நின்னு நிதானமா படிக்கிறேன்."