ஜெனரலைச் சுமந்தவர்

"இன்னும் கொஞ்சம் வெளியால நீட்டுங்கோ! ஐயோ, போயிட்டுது... ஆ, வந்திட்டுது! அசையாதேங்கோ!"

மனைவி புஸ்பவதி போட்ட கூச்சலில் சூசைதாசன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைச் சாய்த்தான். கையில் அன்ரெனாக் கம்பி. முகத்தில் பனி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே அகதி விடுதியின் கிழட்டுத் தொலைக்காட்சிக்கு, யாராவது இப்படித் தொங்கினால்தான் உயிர் வரும். தொங்குகிறவனுக்குப் படம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சத்தம் மட்டும்தான்.

வெள்ளைக்கார ஜெனரல் ஒருவரின் வாழ்க்கைக் கதை அது. ஐம்பதுகளில் இலங்கைக் காட்டுக்குள் எடுத்துவிட்டு பர்மா என்று சொன்ன படம். ஜெர்மன்காரர் இன்றைக்குப் போடுகிறார்கள். இனி எப்போதோ, யாருக்குத் தெரியும்! அதில் ஜெனரலின் வேலையாளாகத் தன் அப்பா வருகிறார் என்று புஸ்பவதி விடுதி முழுக்கச் சொல்லியிருந்தாள். அவளிடம் அப்பாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்திருக்கும் என்று சூசைதாசன் நினைத்துக்கொண்டான். கேட்டு அவளை நோகடிக்கவில்லை.

"வேலையாள் வந்திட்டான்!" பக்கத்து அறை ஞானசுந்தரத்தின் குரல். அடுத்த கணம் வெடிச்சிரிப்பு.

"அக்கா, இது வெள்ளையனக்கா! மூஞ்சியில மை பூசியிருக்கிறாங்கள். பூசினவன் கழுத்தை மறந்திட்டான், பாருங்கோ! உங்கட அப்பா என்ன, லண்டனோ?"

அறையே குலுங்கியது. சூசைதாசனுக்குப் பனியிலும் காது சுட்டது. கையை உள்ளே இழுத்துவிட்டால் திரை புள்ளி புள்ளியாகிவிடும். அவமானமும் அதோடு முடியும். இழுக்கப் போனான்.

"எடுக்காதேங்கோ." புஸ்பவதியின் சின்னக் குரல். "கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தான். விரல்கள் மரத்தன. துப்பாக்கிச் சத்தம், ஜெனரலின் அலறல், பிறகு ஆறு இரையும் சத்தம்.

"ஜெனரலைத் தோளில தூக்கிட்டான்," என்ற ஞானசுந்தரம் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "டேய், இது வேற ஆள். முதுகைப் பார். வெள்ளையன் தண்ணிக்குள்ள இறங்கேல்லையடா. இது எங்கட ஆள்!"

பிறகு ஆறு மட்டும் ஓடியது. பெரிய ஆறாக இருக்க வேண்டும். கடந்து முடிய அவ்வளவு நேரம் எடுத்தது.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, ஞானசுந்தரம் சூடான தேத்தண்ணியைக் கொண்டுவந்து சூசைதாசனின் கையில் திணித்தான். "உங்கட மாமா நல்ல பலசாலி, அண்ணை," என்றான். புஸ்பவதியை நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டான்.

"கடைசிமட்டும் முகம் திருப்பேல்லை," என்றாள் புஸ்பவதி.

"ச்சே! ஒருக்காத் திரும்பியிருந்தா அந்த முகத்தை நீர் திரும்பவும் கண்டிருப்பீர்."

"திரும்பவோ?" என்றாள். "சரி, மற்றப் பக்கம் திரும்புங்கோ. முதுகெல்லாம் பனி."

அவன் திரும்பி நின்றான். அவள் பனியைத் தட்டத் தொடங்கினாள்.

"அந்த ஆத்துக்குள்ள நாள்முழுக்க நிண்டு, காய்ச்சலோடதான் வீட்டை வந்தவராம். பிறகு எழும்பேல்லை. நான் அப்ப அம்மாவின்ர வயித்துக்குள்ள."

தட்டிய கை அவன் தோளில் நின்றது.

"போட்டோ எரிஞ்சிட்டுதெண்டு நினைச்சீங்களோ? எடுக்கவே இல்லை. அப்பாவை நான் இண்டைக்குத்தான் முதல்முதலாக் கண்டனான்."