மேர்வின் நீட்டிய கிளாஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மூன்று பேரில் மேர்வின்தான் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். மற்ற இருவரும் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மூவரும் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வருஷம் சேர்ந்த பெச்காரர்கள். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, உள்ளே மூழ்கிக் கிடந்த பழைய கோயில் வெளியே தெரிகிறது என்று நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, கம்பஸ் லீவு முடிவதற்குள் நேரில் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் வழியில் மேர்வின் தன் பையைத் தட்டிக் காட்டினான்.

"லோஜன், அங்கிளுக்கு ஒரு போத்தல் கொண்டாந்திருக்கேன் மச்சான். நல்ல சாமான்."

நான் சிரித்துவைத்தேன்.

மேர்வின் கினிகத்தேனை பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் டீச்சர்கள். முதல் வருஷம் ஹொஸ்டலில் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த என்னைத் தினமும் காலையில் போர்வையை இழுத்து எழுப்பியவன் அவன்தான். "பொசிட்டிவா யோசி மச்சான், இன்னைக்கு கேன்டீன்ல முட்டை ரொட்டி இருக்கு" என்பான். நான் படிப்பை விட்டு ஊருக்கு ஓடாமல் இருந்ததற்கு அவனைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. சீனியர்கள் எங்களைக் குடிக்கவைத்த முதல் பார்ட்டியில், என் பங்கில் பாதியை யாருக்கும் தெரியாமல் தன் கப்பில் ஊற்றிக்கொண்டவனும் அவன்தான். அதன்பிறகு யாரும் எங்களை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பரீட்சை முடிந்தால், கிரிக்கெட் மெச்சில் ஜெயித்தால், ஒருத்தனுக்குக் காதல் முறிந்தால், எல்லாவற்றுக்கும் ஒரு போத்தல். குடிக்கும்போதுதான் நானும் அவர்களில் ஒருவன் என்று தோன்றியது.

அப்படி ஒரு பார்ட்டியில்தான் எவனோ, "தோட்டத்து ஆளுங்க குடிக்கிற குடி இருக்கே, கான்லதான் கெடப்பானுங்க" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். "எங்கப்பா எல்லாம் விசேஷத்துக்கு ஒன்னு ரெண்டுதான். அளவு தெரிஞ்சவரு" என்றேன் நான்.

என் அப்பா ஆண்டியப்பன் சாக்கடைக் கானில் கிடந்தவர்தான். ஏ.எல். பரீட்சை ரிசல்ட் வந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதல் ஆளாக நான் கம்பஸ் போகப்போகிறேன் என்று தெரிந்த அன்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே வீடு தேடி வந்தார். வழியில் சாராயத் தவறணைக்குப் பக்கத்துக் கானில் அப்பா வாய் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதை அவர் அம்மாவிடம் மட்டும் சொன்னார். மறுநாள் அம்மா அப்பாவிடம் சொன்னாள். அன்றோடு அப்பா நிறுத்தினார். ஒரு வாரம் கைகால் உதறியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். வீடு வந்த பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கு ஒரு நாள் தப்பாமல் பேர் போட்டார். நான் கம்பஸ் போன பிறகு ஒவ்வொரு சாயந்தரமும் எனக்குப் போன் எடுப்பார். "இன்னைக்கும் நல்லா இருக்கேன்யா" என்பார். வேறு பேச்சு அதிகம் இருக்காது. அந்தப் போன் ஒரு நாள்கூட நின்றதில்லை; அப்பா குடியைத் தொடாமல் நாலு வருஷம் ஆகியிருந்தது.

மேர்வின் வந்த அந்த ஞாயிறு அம்மா சமைத்துவைத்துவிட்டு, பிள்ளை பெற்றிருந்த சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்க டிக்கோயாவுக்குப் போயிருந்தாள். கோயிலைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டோம். அப்பாதான் பரிமாறினார். இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். "கருவாடு இன்னும் வைக்கவா தம்பி" என்று ஒவ்வொருத்தனையும் கேட்டார். பிறகு லயத்துக்குப் பின்னால் எங்கள் பீன்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேர்வின் போத்தலை எடுத்தான். முதல் கிளாஸை ஊற்றி, எழுந்து நின்று, மரியாதையாக இடது கையை வலது முழங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினான்.

"அங்கிள், ஒன்னே ஒன்னு எடுங்க. விசேஷத்துக்கு எடுப்பீங்கன்னு லோஜன் சொல்லியிருக்கான். இன்னைக்கு நாங்க வந்திருக்கிறதே விசேஷம்தானே?"

அப்பா என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்க்கவில்லை. நான் அவரைப் பற்றி அங்கே என்ன சொல்லிவைத்திருக்கிறேன் என்பது அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். அப்பாவுக்குச் சுகமில்லை, மருந்து எடுக்கிறார் என்று ஏதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். எத்தனையோ பொய் சொன்னவன் அதைச் சொல்லவில்லை. குனிந்து பாயில் பிரிந்திருந்த ஒரு கோரையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி ஆசையா குடுக்கிறீங்க" என்று அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் சுளிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஆபீசர்மார் குடிப்பதுபோலக் குடித்தார். ஒன்றோடு எழுந்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். "அங்கிள் செம டீசன்ட் மச்சான்" என்றான் ஒருவன். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

நான் கம்பஸ் திரும்பி இரண்டாவது வாரத்தில் சாயந்தரப் போன் நின்றது. மூன்றாம் நாள் அம்மா எனக்குப் போன் எடுத்தாள்.

"சம்பளத்தன்னைக்கு எவனோ பாவி ஊத்திவிட்டுட்டான்யா. நாலு வருசம்! யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல. நீயாச்சும் கேளு, நீ சொன்னா கேப்பாரு."

"கேக்குறேம்மா" என்றேன். கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? அன்று ஹொஸ்டலில் எவனுக்கோ பிறந்தநாள். எனக்கு ஊற்றியதை ஜன்னல் வழியாகக் கொட்டினேன். அன்றிலிருந்து நான் தொடுவதில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஐந்து மாதத்தில் அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது வயிறு வீங்கி, கண் இரண்டும் மஞ்சளாக, ஆனால் தெளிவாக இருந்தார். அம்மா சுடுதண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்து, "அப்பா, அன்னைக்கு நான் ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக ஏன்னு கேட்டிருக்கும். நீ என்னான்னு சொல்லுவ?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அன்னைக்கு மட்டுமுன்னுதான் நெனைச்சேன். விட முடியல. அது என் கோளாறு. மேர்வின் தம்பிகிட்ட இத சொல்லிராத. நல்ல பிள்ளை, மனசு ஒடஞ்சு போயிரும். ஒங்கம்மாகிட்டயும் வேணாம்."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அப்பா இறந்துபோனார்.

எங்கள் பெச்சே பஸ் பிடித்து வந்தது. அடை மழை. மேர்வின் மலர்வளையத்தை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு நேரே அடக்கம் செய்யும் மேட்டுக்குப் போய், குழி தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். யார் சொல்லியும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்து, "பொசிட்டிவா..." என்று தொடங்கினான். முடிக்க முடியாமல் குலுங்கி அழுதான்.

வீட்டு வாசலில் அம்மாவைக் கண்டதும் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அன்னைக்கு எங்களோட உக்காந்து எவ்வளவு சந்தோஷமா பேசினாரு அம்மா. என் கையால ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சாரு. அத மறக்கவே முடியல" என்றான்.

அம்மா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். மேர்வின் அழுது வீங்கிய முகத்தோடு நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எந்திரிங்க தம்பி" என்றாள் அம்மா. பீலிக் குழாயில் பிடித்த தண்ணீர் நிரம்பியிருந்த வாளியை இழுத்து, குனிந்து, மண் அப்பிய அவன் பாதங்களின்மேல் செம்பு செம்பாக ஊற்றத் தொடங்கினாள். அவன் கூச்சத்தோடு கால்களைப் பின்னுக்கு இழுத்தான். அவள் விடவில்லை. சேறு கரைந்து வாசல் படியில் இறங்கி, லயத்தின் நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது.