சனிக்கிழமைச் சூரியன், ஞாயிற்றுக்கிழமைச் சூரியன்

1969ஆம் வருஷம் மாசி மாதத்தில், செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு எதிரே சனி, ஞாயிறு இரண்டு நாளும் விஞ்ஞானக் கண்காட்சி நடக்கும் என்று நோட்டீஸ் வந்தது. மேல்சித்தாமூர் நீலாஞ்சனாவுக்கு அன்றிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டெலஸ்கோப்பைப் படமாக வரைந்து மார்க் வாங்கியவள் அவள். நிஜத்தில் ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

"எனக்கு அவலூர்பேட்டையில சோலி இருக்குது. நைனாவ இட்டுக்கினு போ" என்று நழுவிவிட்டான் கணவன் ஸ்ரீபால்.

மாமனார் ஜெயபால் கடலை பயிரிடுகிறவர், சமண சாஸ்திரம் படித்தவர். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பந்தலுக்குள் நுழைந்ததும் மின்சாரம் ஏற்றிய ஒரு பித்தளை உருண்டையைத் தொடச் சொன்னார்கள். தொட்டார். தலைமுடி மொத்தமும் குத்திட்டு நின்றது. கூட்டம் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரித்தார். இன்று நல்லபடியாகப் போகும் என்று நீலாஞ்சனா நினைத்துக்கொண்டாள்.

டெலஸ்கோப் வெளியே மைதானத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்திருந்த கல்லூரி வாத்தியார் அரங்கநாதன், யாரையும் அதில் கண்ணை வைக்க விடவில்லை. "சூரியன இதுல நேரா பாத்தா கண்ணு போயிடும்" என்று சொல்லி, குழாயின் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பொருத்தியிருந்தார். அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சூரியன் விழுந்திருந்தது. அதன் மேல் கருப்பாகச் சில புள்ளிகள்.

ஜெயபால் குனிந்து பார்த்தார். "கடலைச் செடி இலையில நோவு விழுந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஆமா சார், இது எந்தச் சூரியன்?" என்று கேட்டார்.

அரங்கநாதனுக்குப் புரியவில்லை.

"எங்க சாஸ்திரத்துல சூரியன் ரெண்டு. இன்னைக்கு வந்தவரு நாளைக்கு வரமாட்டாரு. நாளைக்கு இன்னொருத்தரோட முறை."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்தத் தடவை ஜெயபால் சிரிக்கவில்லை. நீலாஞ்சனாவுக்கு முகம் சுட்டது. அரங்கநாதன் மட்டும் சிரிக்காமல் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மாமா" என்றாள் நீலாஞ்சனா. "இந்தப் புள்ளிங்கள வரைஞ்சி எடுத்துக்குனு போவோம். நாளைக்கு வந்து பாத்தா, அதே ஆளா வேற ஆளான்னு தெரிஞ்சிடாதா?"

அரங்கநாதன் துள்ளிவிட்டார். "அம்மா, இத நான் சொல்லியிருக்கணும்! நாளைக்கும் இதே பத்து மணிக்கு வாங்க." அட்டை மேல் காகிதம் ஒட்டி பென்சிலை அவளிடமே கொடுத்தார். சூரியனின் வட்டத்தை வரைந்து, பெரிய புள்ளி ஒன்று, அதன் பின்னால் வரிசையாக மூன்று, தள்ளி ஓர் இரட்டைப் புள்ளி என்று ஒன்று விடாமல் குறித்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஜெயபால் பேசவில்லை. பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடித்து, படுக்கப் போய்விட்டார். மனசு நோகும்படி செய்துவிட்டோமோ என்று அவளுக்கு உறுத்தியது. காலையில் எழுந்து வந்தால், வெளுத்த வேட்டியும் கையில் குடையுமாக அவர் வாசலில் நிற்கிறார். "இன்னாம்மா இன்னும் கிளம்பலியா? பத்து மணின்னாரே!"

பஸ் நிரம்பி வழிந்தது, நிற்காமலே போய்விட்டது. ஜெயபால் நடுரோட்டில் குடையை விரித்துக்கொண்டு நின்று ஒரு மூட்டை லாரியை மறித்தார். இருவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து செஞ்சி போய்ச் சேர்ந்தார்கள். பத்தடிக்க ஐந்து நிமிஷம். ஆனால் கிழக்கே மேகம் ஒன்று சூரியனை மூடிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. நேற்றுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் முடிவு தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். மேகம் விலகக் கால் மணி ஆயிற்று.

காகிதத்தை அட்டையில் வைத்து வட்டத்தோடு வட்டம் பொருத்தினாள். புள்ளிகள் பொருந்தவில்லை.

"பாத்தியா? எடம் வேற. ஆளும் வேற!" என்றார் ஜெயபால்.

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். பெரியது ஒன்று, பின்னால் மூன்று, தள்ளி இரட்டை. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரு விரல்கடை நகர்ந்திருந்தன.

"மாமா, வரிசை கலையல பாருங்க. எல்லாம் சேர்ந்தாப்பல நகர்ந்திருக்குது."

ஜெயபால் மேல்துண்டிலிருந்து ஒரு நூலை உருவினார். நிலத்துக்கு வரப்பு அளக்கிறவரின் நிதானத்தோடு புள்ளிக்குப் புள்ளி காகிதத்தில் அளந்தார், அட்டையில் அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார்.

"நேத்து வந்தவருதான் இன்னைக்கும் வந்திருக்காரு" என்றார் கடைசியில். உடனே புருவம் சுருங்கியது. "ஆனா புள்ளி எல்லாம் ஒரே பக்கமா போவுதுன்னா… அவரு நின்ன எடத்துலயே சுத்துறாரா சார்?"

அரங்கநாதன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சுத்துறாரு ஐயா! இருபத்தஞ்சு நாளுக்கு மேல ஆவுது ஒரு சுத்துக்கு. நான் இத பொஸ்தகத்துல படிச்சித் தெரிஞ்சிக்கிட்டேன். நீங்க நூல் வச்சே கண்டுபிடிச்சிட்டீங்க."

கூட்டத்தில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஜெயபால் கூச்சத்தோடு மருமகளை முன்னால் தள்ளினார். "எனக்குக் கேக்கத்தான் தெரிஞ்சது. வழி சொன்னது இதுதான்."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. சாஸ்திர ஏடு பொய்யாயிற்றே என்று வருத்தமா என்று கேட்க அவளுக்குத் தயக்கம். அவரே சொன்னார்: "எழுதினவங்க கையில அந்தக் குழா இல்ல. இருந்திருந்தா அவங்களும் அளந்துதான் பாத்திருப்பாங்க."

மடியிலிருந்த எள்ளுருண்டைப் பொட்டலத்தைப் பிரித்து, பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.