ஒரு ரூபாய் சேர்க்காத தவணைகள்

மாத்ருபூதம் தன் மகனுக்கு வீடு வாங்க முதல் தவணைப் பணத்தை அனுப்பிய செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாலக்கரையில் இருந்த அவருடைய வீட்டின் மாடி அறை இல்லாமல் போனது. இடிந்து விழவில்லை, தெருவில் செங்கல் தூள்கூடக் கிடக்கவில்லை. அந்த அறையைத் தாண்டித் துணி உலர்த்தப் போன அவர் மனைவி மீனாம்பாள், படி முடிந்த இடத்தில் ஆகாயம் இருப்பதைப் பார்த்து, வாளியோடு அப்படியே இறங்கி வந்து, துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். பக்கத்து வீட்டு ஜஹானாராதான் முதலில் விசாரித்தது.

“என்னக்கா, மாடிய இடிச்சிட்டீங்களா? சத்தமே கேக்கலையே.”

“இடிக்கல. ஹரி ஃபிளாட்டுக்குக் குடுத்திருக்கோம்.”

“அதானே பாத்தேன். எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான், மவன் சென்னையில வாங்கினப்ப பாத்ரூம் போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் பக்கத்து வீட்டுலதான் குளிக்கிறா. மாடியோட போச்சேன்னு நீங்க சந்தோஷப்படுங்க.”

ஹரிபிரசாத் அவர்களுக்கு ஒரே பிள்ளை. மனைவி ரேஷ்மாவும் அவனும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஐந்தாவது மாடியில் ஒரு ஃபிளாட், ஒரு பக்கம் ராஜகோபுரம், மறுபக்கம் ஆறு. பேங்க் கொடுத்தது போக மிச்சத்தைக் கட்டடம் எழும்ப எழும்பக் கட்ட வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனையில் மாத்ருபூதம் உழைத்துச் சேர்த்த பிராவிடண்ட் ஃபண்ட் பணம் அதற்கு இருந்தது. அஸ்திவாரம் தோண்டியபோது ஹரி அவர்களைச் சேற்றில் நிற்கவைத்து, தலைக்கு மேலே வெறும் காற்றில் கையை நீட்டி, “மூணாவது ரூம் அதோ அங்க வருதும்மா. அது உங்க ரெண்டு பேருக்கு” என்றான். மீனாம்பாள் அந்தக் காற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தெற்கே தலை வைத்துப் போடலாம், ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள். அதற்கடுத்த இரண்டு வருடங்களும் அவள் மனதளவில் அந்த அறையில்தான் குடியிருந்தாள்.

நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்தால் மேலே ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். முழுத் தொகை கொடுத்தால் அதோடு கணக்கு முடிந்துபோகும். அந்த ஒற்றை ரூபாய்தான் கொடுத்தவரையும் வாங்கியவரையும் தொடர்ந்து பிடித்து வைக்கும். மீனாம்பாள் இதைச் சொல்லாமல் இல்லை. ஆனால் மாத்ருபூதத்துக்கு முழுத் தொகை பிடிக்கும். “பேங்க்ல அந்தப் பொண்ணு சிரிக்கும்டி. இதென்ன கல்யாண மொய்யா?” என்று லட்சம் லட்சமாக அனுப்பினார். அவளும் விட்டுவிட்டாள். வீடு போனதற்கு அதுதான் காரணம் என்று பாலக்கரையில் இன்றும் சொல்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் கூரை போட்ட வாரம் பாலக்கரையில் ஹால் போனது. சமயபுரம் போய்விட்டுத் திரும்பியவர்கள், வாசல் நடையைத் தாண்டிக் கால் வைத்ததும் நேரே சமையலறையில் நின்றார்கள். பூச்சு வேலைக்கு மீனாம்பாளின் வளையல்களை விற்றுக் கொடுத்தபோது சமையலறையும் போய்விட்டது. கார்ப்பரேஷன் ஆள் வந்து அளந்துவிட்டு வீட்டு வரியைக் குறைத்துக் கொடுத்தார். அந்த ஒரு லாபம் உண்டு. கடைசியில் அந்த வாசல் நடை மட்டும் மிஞ்சியது. இரண்டு பேர் படுக்கலாம், புரளக்கூடாது. நாற்பது வருடமாக ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்ட மாத்ருபூதம் நேராகப் படுக்கப் பழகிக்கொண்டார். ஹரிக்கு இதெல்லாம் தெரியாது. பாலக்கரையில் கார் நிறுத்த இடமில்லை என்பதால் அவன் தெருமுனையிலிருந்தே போன் செய்து, அப்பாவை வரச்சொல்லிப் பேசிவிட்டுப் போய்விடுவான். அவர்களும் சொல்லவில்லை.

ஆவணியில் கிரகப்பிரவேசம். கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து அடைக்கலம் என்பவர் தன் பசுவையும் கன்றையும் லிஃப்டில் கூட்டி வந்தார். பசு ஐந்து மாடியும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. ஹாலில் கால் வைத்ததுமே மீனாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுடைய ஹால். சமையலறைச் சுவரில் அவள் கைபட்ட மஞ்சள் கறை இருந்தது. “மூணு கோட்டிங் அடிச்சும் போகல அத்தை. பெயின்ட்காரன் நல்லா ஏமாத்திட்டான்” என்றாள் ரேஷ்மா. மூன்றாவது அறையில், கட்டில் வர வேண்டிய இடத்தில், உடற்பயிற்சிக்காக நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் ஒன்று நின்றது. பக்கத்தில் மேஜை, அதன்மேல் இரண்டு திரைகள்.

“ஹரி, இது...”

“வீட்டுல இருந்துதானம்மா பாதி நாள் வேலை. நீங்க வரும்போது ஹால்ல படுத்துக்கலாம், ஏசி போட்டிருக்கு. அப்பாவுக்கும் லிஃப்ட்டெல்லாம் ஒத்துக்காது. உங்களுக்கு நம்ம பாலக்கரை வீடுதான் வசதி.”

மாத்ருபூதம் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்தார். மீனாம்பாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு ரூபாயை அவிழ்த்துத் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் வைத்தாள். “என்னம்மா சில்லறையெல்லாம், போட்டோ எடுத்திட்டிருக்காங்க” என்று ஹரி அதை எடுத்து, மாட்டுக்கான கூலியோடு சேர்த்து அடைக்கலத்திடம் கொடுத்தான். அடைக்கலம் அந்த நாணயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்திருந்தார். மீனாம்பாளைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்தார்.

பத்திரப் பதிவுக்கு அன்று காலையில் கொடுத்ததுதான் கடைசிப் பணம். சாயங்காலம் பாலக்கரைக்குத் திரும்பியபோது வாசல் நடையும் போயிருந்தது. ஜஹானாரா வீட்டுச் சுவரும் அந்தப்பக்கத்து ஜவுளிக்கடைச் சுவரும் விரிசல் இல்லாமல் ஒட்டியிருந்தன. மாத்ருபூதத்தின் கையில் சாவி இருந்தது. ஜஹானாரா இரண்டு தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

ஒரு வாரம் கழித்து அடைக்கலம் விசாரித்துக்கொண்டு ஜஹானாரா வீட்டுக்கு வந்தார். “அம்மா, நீங்க குடுத்த காசுக்கு எங்க மாட்டுக்கொட்டாய் ஓரமா ஒரு ரூம் மொளைச்சிருக்கு. எனக்கு எதுக்கும்மா அது? வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

போய்ப் பார்த்தார்கள். தெற்கே தலை வைத்துக் கட்டில் போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஆறு. மீனாம்பாள் கட்டிலின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஹரி காற்றில் கை நீட்டியதிலிருந்து முதல் தடவையாக அழுதாள். மாத்ருபூதம் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

“ரெண்டாயிரம் குடுங்கய்யா. விடிகாலையில மாடு கத்தும், பரவாயில்லையா?”

“பரவாயில்லை” என்றார் மாத்ருபூதம்.

ஹரி வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் இருட்டும் நேரத்தில் அக்கரையில் ஒரு விளக்கு எரிவது தெரியும். வந்தவர்களுக்கு ஆற்றையும் கோபுரத்தையும் காட்டும்போது ரேஷ்மா அதையும் சேர்த்துக் காட்டுகிறாள், பார்க்க அழகாக இருக்கிறது என்று. எப்பம்மா வரீங்க என்று ஹரி போனில் கேட்டால், பாப்போம்ப்பா என்கிறாள் மீனாம்பாள். மாதம் பிறந்தால் அடைக்கலத்தின் கையில் அவளே இரண்டாயிரத்து ஒரு ரூபாய் கொடுக்கிறாள். அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அறை இதுவரை ஒரு அங்குலமும் குறையவில்லை.