தகரத்துக்கு அந்தப் பக்கம்

1

இந்தக் காபி டம்ளரைக் கழுவி வைப்பதா, அப்படியே வைப்பதா? கழுவினால் மேடம் என்ன நினைப்பார்? கழுவாவிட்டால்?

கவுன்சிலர் வீட்டில் உட்கார்ந்திருந்த புஷ்பம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

நான் எழுதும் இந்தக் கதை ஒரு சின்னச் செய்தியிலிருந்து வந்தது. பெருந்தொற்றின்போது ஏழைத் தெருக்களுக்குச் சிகிச்சை எட்டாமல் போனதைச் சரிசெய்யச் சொல்லி, எங்கோ ஒரு உள்ளாட்சி மன்றம் மாநில அரசை வலியுறுத்தியிருந்தது. அந்தச் செய்தியில் மனிதர்கள் இல்லை. அதனால் பல்லாவரத்துக்குப் பக்கத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு நகராட்சியை உண்டாக்கினேன். தோல் பட்டறைக்குப் போகும் புஷ்பத்தை உண்டாக்கினேன். அவள் கணவன் ஜீவரத்தினத்தை உண்டாக்கி, இரண்டாம் அலையில் சாகவும் வைத்தேன். (அந்த வாக்கியம் சுலபமாக வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.)

2

கவுன்சிலர் மிருதுளா நல்லவள். முதல் வரைவிலேயே அப்படித் தீர்மானித்துவிட்டேன். தொற்றுக் காலத்தில் காலனி நலச்சங்கத்தின் செயலாளராக இருந்து எல்லோரையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். ஓட்டு விழுந்ததே அதற்குத்தான். இப்போது ஏழைத் தெருக்களுக்குச் சிகிச்சை கேட்டு நகராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப்போகிறவளும் அவள்தான்.

"மீட்டிங்ல உங்க கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கப்போறேன், புஷ்பம் அக்கா. வெளியே ரிப்போர்ட்டர்ஸ் கேட்டா, ஆம்புலன்ஸ் வரலைன்னு சொல்லுங்க, போதும். பாஸாச்சுன்னா உங்க தெருவுக்கே சுகாதார நிலையம் கேக்கலாம்."

"இன்னா மேடம், குப்பை வண்டியே எட்டிப் பாக்கல. ஆஸ்பத்திரி வந்துடுமா?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் புஷ்பத்துக்கு அது வேண்டும். மகள் ஹெப்சிக்கு மூச்சிழுப்பு வரும்போதெல்லாம் ஆட்டோ தேடி ஓடுகிறாள்.

புஷ்பம் தலையாட்டிவிட்டு

(இங்கே நிறுத்திவிட்டேன். அவள் தலையாட்டவில்லை.)

"ஆம்புலன்ஸ் வந்துச்சே, மேடம்."

3

நான் இதை எழுத நினைக்கவில்லை.

"உங்க காலனி வரைக்கும் வந்துச்சு. நடுவுல வழியை மறிச்சு தகரம். எங்க தெருவுல கொரோனான்னு சங்கத்துல அடிச்சு வெச்சீங்களே, அதான். அந்தாண்ட ஹாரன் அடிச்சிகினே கீறாங்க. இந்தாண்ட நாங்க தகரத்தைப் பேத்துகினு கீறோம். எங்க வூட்டுக்காரர் சேர்ல உக்காந்தபடியே பூட்டார்."

மேலே போய் என் வாக்கியத்தை மறுபடி படித்தேன். 'எல்லோரையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள்.' எழுதியவள் நான். எல்லோரும் என்றால் யார் என்று ஒரு தடவைகூட கேட்டுக்கொள்ளவில்லை.

மிருதுளா கையிலிருந்த பேனாவை மூடினாள்.

"அந்த ஹாரன் கேட்டுது," என்றாள். "பக்கத்து பிளாக்குக்குன்னு நினைச்சேன்."

4

முடிவு ஒன்று: மிருதுளா மன்றத்தில் எழுந்து தகரத்தைப் பற்றிப் பேசுகிறாள். (அழித்துவிட்டேன். நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: புஷ்பம் 'ஆம்புலன்ஸ் வரல' என்கிறாள். மன்றத்தில் உறுப்பினர்கள் மேசைகளைத் தட்டுகிறார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது. சுகாதார நிலையம் வருகிறது. ஹெப்சி இழுப்பில்லாமல் தூங்குகிறாள்.

எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். வாசகரே, ஒரு குழந்தையின் மூச்சு என்றால் உங்களுக்கும் அதுதான் வேண்டியிருக்கும்.

மிருதுளா தணிந்த குரலில் கேட்டாள். "தகரத்தைச் சொன்னா எங்க காலனியே எதிர்த்து நிக்கும். தீர்மானம் விழுந்துடும், அக்கா. வரலைன்னே இருக்கட்டும். ஹெப்சிக்காக."

அவளோடு சேர்ந்து நானும் கேட்டேன்.

புஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். குரல் உயரவில்லை.

"ஆஸ்பத்திரி கேளுங்க மேடம். எங்க தெருவே வந்து பின்னாடி நிக்கும். ஆனா அந்த டிரைவர் அண்ணன் தகரத்து மேல ஏறி, கையெல்லாம் கிழிச்சிகினு இந்தாண்ட குதிச்சாரு. அவர் வரலைன்னு நான் சொல்ல மாட்டேன்."