அத்தானின் பக்கம்

மூன்று நடுவர்கள் ஊதும் கூடைப்பந்து ஆட்டத்தில் அவரவர் பகுதியை அவரவர்தான் பார்க்க வேண்டும். பந்து அடுத்தவர் பகுதிக்குப் போனால் கண் அதன் பின்னால் ஓடக் கூடாது. ஒன்பது வருஷம் என்னோடு சேர்ந்து ஊதிய அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இது வேதவாக்கு. பந்தை வேடிக்கை பார்க்கத்தான் ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறதே, நாமும் எதற்கு என்பார்.

மூன்று மாதம் முன்பு, தன் பகுதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நான் என் பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்கோர் மேசையில் கத்திய பிறகுதான் திரும்பினேன். அதற்குள் அரை நிமிடம் போயிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். "பத்தடி தள்ளி நின்னவன், நீ பாக்கவே இல்லையா?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

போன சனிக்கிழமை மதியம், அதே அரங்கில் மறுபடி ஊதப் போனேன். பெண்கள் ஆட்டம். மூன்றாவது நடுவர் வண்டி பழுதாகி வரவில்லை. நானும், மீசை என்று எல்லாரும் கூப்பிடும் இன்னொரு நடுவரும் மட்டும். சுத்தமாக மழித்த முகம் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். உடை மாற்றும் அறையில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடுகளத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஆட்டம் தொடங்கியதும் பழக்கதோஷம், மூன்று பேர் இருப்பதுபோலவே நின்றுவிட்டோம். மேசைக்கு எதிர்ப்பக்கம், அத்தான் விழுந்த அந்த இடம், காலியாகக் கிடந்தது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை.

இரண்டாம் பாதியில் அந்தப் பக்கமிருந்து விசில் வந்தது. வெடுக்கென்று இரண்டு ஊதல். அத்தான் மட்டும்தான் அப்படி ஊதுவார். ஆட்டம் நின்றது. மீசை என்னைப் பார்த்தார், நான் மீசையைப் பார்த்தேன். ஸ்கோர் எழுதும் பெண் அதற்குள் ஃபவுலைக் குறித்துவிட்டிருந்தாள். வேலைக்குப் புதியவள், அத்தானைக் கண்டதே இல்லை. யார் காட்டியது என்று கேட்டேன்.

"எதிர்ப்பக்கம் நிக்கிறாரே, நரைச்ச தலை, அவர்தான் சார். நீங்க மூணு பேர்தானே?"

திரும்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் காலியாகவே இருந்தது. ஏதாவது எதிரொலியாக இருக்கும், ஆட்டத்தை நடத்து என்றார் மீசை. ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதன் பிறகு என் பகுதியை நான் பார்த்தால்தானே. கண் அந்தக் காலி இடத்துக்கே போனது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவரைப் பார்த்தேன். முழங்காலில் கை ஊன்றி, வழக்கம்போல நின்றார். ஆனால் தன் பகுதியைப் பார்க்கவில்லை. அவர் பார்வை என்னைத் தாண்டி என் பகுதியில் இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அப்படிச் செய்ததில்லை. இரண்டு முறை ஊதினார். கையை என் முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.

திரும்பினேன். கூடைக்கு அடியில் ஒருத்தி கிடந்தாள், கண் செருகி, மூச்சில்லாமல். பந்து மீசை பக்கம் இருந்ததால் எல்லார் கண்ணும் அங்கே. ஓடிப்போய் அவள் வாயைத் திறந்தேன். பல்லுக்கு மாட்டும் உறை தொண்டையில் சிக்கியிருந்தது. விரலை விட்டு இழுத்தேன். இருமினாள். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார் பிறகு வந்த டாக்டர். நான் நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னைக்கும் நான் பாக்கலக்கா. எனக்குப் பதிலா அவர் பாத்தார்."

அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அத்தானின் விசிலை அவர் போன நாளிலிருந்து அதில்தான் பூட்டி வைத்திருந்தாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். விசிலை என்னிடம் நீட்டினாள்.

"ஊதுற இடம் ஈரமா இருக்குடா" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். அவள் வாசலைவிட்டு ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.