புனித ரோக்கோவைக் காக்கவைத்த படிகம்

டம்.

உருகிய துளி நடுங்கியது. ஆய்வாளர் ஃபியோரெல்லா அடுப்பின் கண்ணாடியில் கண்ணை ஒட்டிப் பார்த்தாள்.

கண்ணாடி அடுப்புக்குள் மேலே ஒரு ஆக்சைடுக் குச்சி, கீழே ஒரு குச்சி. விளக்கொளி குவியும் நடுவிடத்தில் மிளகளவு நெருப்புத் துளி தொங்கியது. அது சிந்தாமல் மெல்ல மேலேறினால், அடியில் உறைவதெல்லாம் ஒரே படிகம். காந்தமாகவும், மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீக்கடத்தியாகவும் இருக்கப்போகிற ஆக்சைடு. சிந்தினால், அடுப்பு சக ஆய்வாளர் எட்டோரேயின் குழுவுக்குப் போய்விடும். "ஒத்தைப் படிகம் ஒண்ணு காட்டு, அடுப்பை வெச்சுக்கோ" என்று இயக்குநர் சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்டில் இத்தாலியே கடற்கரையில் கிடக்கும், ஆய்வகம் அமைதியாக இருக்கும் என்று கணக்குப் போட்டவள் ஊர்த் திருவிழாவை மறந்துவிட்டாள்.

டம். துளி இடுப்பை ஆட்டியது.

"கார்மினே, அடுப்புக் குமிழை விட்டுடாதீங்க" என்று தொழில்நுட்பரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வாசலில் புனித ரோக்கோவின் பவனி. முன்னால் முரசோடு சபாட்டினோ.

"அண்ணே, முரசை நிறுத்துங்க."

"முரசு இல்லாம சாமி நடக்க மாட்டாரு டாக்டரம்மா. உள்ள என்ன வேகுது?"

"காந்தமும் மீக்கடத்தியும். ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ரெண்டையும் ஒரே உடம்புல குடிவைக்கிறேன்."

"எங்கம்மாவும் எம்பொண்டாட்டியும் ஒரே வீட்லதான் இருக்காங்க. நான் என்ன அடுப்பா வாங்கினேன்?"

சொரூபம் தூக்கியவர்கள் சிரித்ததில் புனிதரும் குலுங்கினார்.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. நோயாளி இருக்கும் வீட்டு முன் முரசு அடிப்பதில்லை. அது ஊர் வழக்கம்.

"மேல ஒரு உயிர் ஊசலாடுது அண்ணே."

சபாட்டினோ தொப்பியைக் கழற்றினார். "ஆணா, பொண்ணா?"

"இன்னும் தெரியல."

"பச்சைக் குழந்தையா? பாவமே."

வழக்கத்தின் மறுபாதி பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது: நோயாளி சன்னலில் முகம் காட்டும்வரை பவனி நகரக் கூடாது.

நகரவில்லை. வெயில் ஏறியது. ஜெபமாலை முடிந்து மறுபடி தொடங்கியது. சன்னலில் கார்மினே தலைநீட்டி, "பாதி ஆயிடுச்சு" என்றார். "பாதி பொழைச்சிடுச்சாம்" என்று தெருவெல்லாம் பரவியது.

மாலையில், ஆறிய படிகத்தை ஃபியோரெல்லா சன்னலில் பிடித்துக் காட்டினாள். கரித்துண்டு போல விரல் நீளம்.

"கறுப்புதான். ஆனா களையா இருக்கு" என்றாள் ஒருத்தி.

பகலெல்லாம் கையைக் கட்டிக் கிடந்த சபாட்டினோ, சந்தோஷத்தில் முரசில் ஓங்கி ஒன்று போட்டார். திடுக்கிட்ட ஃபியோரெல்லாவின் கையிலிருந்து படிகம் நழுவிக் கல்படியில் விழுந்து இரண்டானது.

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. அவள் தடதடவென்று இறங்கி வந்து ஒரு துண்டை எடுத்தாள். உடைந்த முகம் கண்ணாடிபோல் மின்னியது. அதில் அவள் மூக்கே தெரிந்தது. பல படிகங்கள் ஒட்டிய கட்டியென்றால் கரடுமுரடாக உடையும். இப்படி வழவழவென்று பிளப்பது ஒற்றைப் படிகம்தான்.

"கொன்னுட்டேனா டாக்டரம்மா?" சபாட்டினோ முரசுக் கோலைத் தாழ்த்தினார்.

"இல்ல அண்ணே. ரெண்டா பொழைச்சிருக்கு. அடுப்பு எனக்குத்தான்."

"இரட்டைப் பிள்ளையா?" அவர் கோலைத் தூக்கினார். "அப்ப இன்னொண்ணுக்கும் அடிக்கணுமே."